விதைக்கச் சொன்ன குரல்

செப்டம்பர் 3, புதன்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. இருந்த இரண்டு குடத்தை வைத்துச் சமையலை ஒப்பேற்றிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். மாடியறையில் ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க எங்கள் கம்பெனியிலிருந்து விவசாயிகளின் போனுக்குப் போகிற இந்தப் பருவத்தின் முதல் தகவலைப் பேசிப் பதிவு செய்தோம். நான்காவது தடவைதான் சரியாக வந்தது.

"வணக்கம், பருவத்துணையில இருந்து முனீஸ்வரி பேசுறேன். இந்த வருசம் நம்ம பக்கம் புரட்டாசி தொடக்கத்துலயே மழை இறங்கும். பின்னாடியே பருவமழையும் சீராச் சேர்ந்துக்கும். மக்காச்சோளம் போடுறவங்க பதினஞ்சாம் தேதிக்குள்ள புழுதியில வெதச்சிருங்க."

புழுதியில் விதைப்பது என்றால் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. எங்கள் கரிசலில் மழை விழுந்துவிட்டால் மண் களியாகிவிடும், மானாவாரிக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. அதனால் எப்போது போடுவது என்பதுதான் வெள்ளாமையே.

அந்த 'எப்போது' என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வது என் வீட்டுக்காரர் ஜெயக்கண்ணனின் வேலை. பழைய மழை அளவுகள், ஊர் ஊராக நட்டு வைத்திருக்கும் மழைமானிகள், செயற்கைக்கோள் படம், போன வருட விளைச்சல் எல்லாம் அவருடைய கம்ப்யூட்டருக்குள் போகும். வெளியே வருவதை நான் ஊர்ப் பேச்சில் எழுதி, போனில் கேட்கிற மாதிரி பேச வேண்டும். அவர் கணக்கு, நான் குரல். ஆபீசில் எங்களை அப்படித்தான் கேலி செய்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து செய்கிற ஒரே காரியம் இதுதான் என்று நானும் சொல்லிச் சிரிப்பேன்.

போன இரண்டு வருடமும் சொன்னது பலித்தது. இந்த வருடம் இன்னும் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 6, சனி

சிந்தலம்பட்டிக்குப் போயிருந்தேன், அண்ணன் வீட்டுக்கு. பரமசிவம் அண்ணன் எப்போதும் காட்டைப் பங்கு போட்டுத்தான் விதைப்பான். பாதி உளுந்து, கொஞ்சம் கம்பு, ஓரமாக மக்காச்சோளம். எது போனாலும் எதாவது ஒன்று நிற்கும் என்பான். இந்த வருடம் அஞ்சு ஏக்கரும் மக்காச்சோளம் என்று முடிவு பண்ணியிருக்கிறான்.

மதினிக்கு மனசு ஒப்பவில்லை. கேப்பைக்களியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"அம்புட்டையும் ஒரே வெள்ளாமையாப் போடணுமா முனீசு? உளுந்துக்காவது ஒரு ஏக்கரை விடச் சொல்லேன்."

"பயப்படாதீங்க மதினி. கணக்கைப் பாத்துட்டுத்தான் சொல்றோம். நம்ம வீட்டு ஆளே பாத்த கணக்கு."

அண்ணன் சிரித்தான். "மாப்பிள்ள கணக்குப் போட்டு, என் தங்கச்சி வாயால சொல்லியாச்சு. இதுக்கு மேல யார்ட்டப் போய்க் கேக்க?"

வரும்போது கெங்கம்மாளையும் பார்த்தேன். வீட்டுக்காரர் இறந்த பிறகு தனி ஆளாக மூன்று ஏக்கரைப் பார்க்கிறவள். போனில் வந்த என் குரலை அவள் பேசிக் காட்டினாள், அப்படியே, என் இழுவையோடு. தெருவே சிரித்தது.

செப்டம்பர் 11, வியாழன்

துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

"அவசரப்படாதீங்கப்பா. பொறுங்க. நான் சொல்றப்பப் பாத்துக்கிடலாம்."

என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டார். ஊரில் இருக்கும் மாமாவுக்கு, இவர் அப்பாவுக்கு, முழங்கால் ஆபரேஷனாம். உடனே பண்ண வேண்டும் என்று நிற்கிறாராம். தீபாவளி முடியட்டும் என்று சொன்னாராம். மாமா பிடிவாதக்காரர், கேட்பாரா தெரியவில்லை.

நேற்றிலிருந்து இவருக்கும் முகமே சரியில்லை. கோவையிலிருந்து எங்கள் முதலாளி சுதர்சன் சார் நாலைந்து தடவை கூப்பிட்டுவிட்டார். கம்பெனியில் புதிதாகப் பணம் போடப் போகிறவர்கள் அடுத்த வாரம் எங்கள் பக்கத்துக் காடுகளைப் பார்க்க வருகிறார்களாம். அந்த நெருக்கடி.

செப்டம்பர் 12, வெள்ளி

மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பமாக ஊற்றினேன்.

சாப்பிடும்போது, அண்ணனுக்கு டிராக்டர் கிடைத்துவிட்டது, நாளைக்குக் காலையில் விதைக்கிறான் என்று சொன்னேன். அவர் பிய்த்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சு ஏக்கருமா?"

"ஆமா. மதினிதான் உளுந்து உளுந்துன்னாங்க. நான்தான் தைரியம் சொல்லிட்டு வந்தேன்."

"ம்."

கையைக் கழுவிவிட்டு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன என்றேன். கேஸ் புக் பண்ணிட்டியா என்றார். பண்ணிவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

அண்ணன் விதைத்துவிட்டான். காட்டிலிருந்தே போன் போட்டு டிராக்டர் சத்தத்தைக் கேட்க வைத்தான்.

செப்டம்பர் 24, புதன்

மழை!

மத்தியானம் மேற்கே கருத்து, மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்துவிட்டது. ஆபீஸ் போன் ஓயவில்லை. கெங்கம்மாள், "ஏ தாயி, உன் வாயில சீனியைத்தான் போடணும்" என்று கத்தினாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் கூச்சலிடுவது கேட்டது.

எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். அவர் மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். "வாங்க, உங்க மழைதான்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். தலைவலி என்றார். ராப்பகலாக உழைத்த அலுப்பு, பாவம்.

அக்டோபர் 1, புதன்

அண்ணன் படம் அனுப்பியிருக்கிறான். கரிசலில் பச்சை வரிவரியாக முளைத்து நிற்கிறது. படத்தின் மூலையில் மதினியின் முந்தானை.

பணம் போட வந்தவர்களுக்கு ரொம்பத் திருப்தியாம். இவரைத் தென்மாவட்டங்களுக்கே தலைமையாகப் போட்டுவிட்டார்கள். சுதர்சன் சார் ஸ்வீட் பெட்டி அனுப்பினார். இவர் ஒன்றுகூடத் தொடவில்லை. எறும்பு மொய்த்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்

அந்த ஒரு மழையோடு சரி. வெயில் சித்திரை மாதிரி அடிக்கிறது.

அவரிடம் கேட்டேன். நடுவில் இடைவெளி விழுவது எல்லா வருடமும் உள்ளதுதான் என்றார்.

"எவ்வளவு நாள்னு சொல்லுங்க. போன்ல கேக்குறாங்க."

"கணக்குல நிச்சயம்னு ஒண்ணு கெடயாது முனீஸ்."

இந்த வேலைக்கு வந்த புதிதில் இதே மனிதர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார், விவசாயியிடம் எதையும் மழுப்பாதே, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குத் தெளிவாகச் சொல் என்று. சரி, அவருக்கே தெரியாததை எப்படிச் சொல்வார்.

இந்த வாரம் ஊர்களுக்குப் போகாதே, ஆபீசிலேயே இரு என்கிறார். வெயில் எனக்கு ஆகாது என்பதற்காக இருக்கும்.

அக்டோபர் 13, திங்கள்

சொல்லாமல் போனேன்.

கெங்கம்மாள் காட்டில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பயிர் முழங்கால் உயரம்கூட இல்லை. தோகையெல்லாம் குழலாகச் சுருண்டு வெளுத்திருந்தது. மண் வாயைப் பிளந்து கிடந்தது, என் கை உள்ளே போகும்.

"தண்ணி லாரி வச்சு ஊத்துனா பொழைக்குமா தாயி?"

"மூணு ஏக்கருக்கு எப்படிப் பெரியம்மா..."

"அதான் கேட்டேன். உங்க கம்பெனியில ஏதும் சொன்னாகளா, எப்ப மழைன்னு?"

நான் மேலே பார்த்தேன். ஒரு துண்டு மேகம் இல்லை. சீக்கிரம் வந்துவிடும் என்று சொன்னேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அவள் என்னைத் திட்டவில்லை. தூக்குவாளியில் இருந்த பழையசோற்று நீச்சத்தண்ணியில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

அக்டோபர் 16, வியாழன்

அண்ணன் காட்டை உழுது அழித்துவிட்டான்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மாமா ஊருக்கு வந்திருக்கிறோம். எல்லாரும் தூங்கி எழுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

பஸ்ஸில் வரும்போதே பார்த்துக்கொண்டு வந்தேன். வழி நெடுகக் கருகிய மக்காச்சோளம். பல காடுகளில் ஆடுகளை விட்டிருந்தார்கள். இந்த ஊரிலும் அதேதான். நம் தகவல் வருகிற ஊர்தானே இதுவும்.

பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் அத்தையோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். ஓடைப் பாலம் தாண்டினால் மாமாவின் காடு. சுற்றிலும் எல்லார் காட்டிலும் கருகிய தட்டை நிற்க, மாமா காடு மட்டும் சுத்தமாக உழுது, கட்டி உடைத்து, விதைப்புக்குத் தயாராக இருந்தது. ஒரு தூர் இல்லை.

"அழிச்சு உழுதுட்டாங்களா அத்தை?"

"அழிக்க என்னத்தா இருக்கு? போடவேயில்லையே. விதை மூட்டையைக் கட்டி வச்சு, மறுநா விடிஞ்சா வெதப்பு. உன் வீட்டுக்காரன்தான் போன் பண்ணுனான். மழை ஒண்ணு பேஞ்சிட்டு ஓடிரும், ஐப்பசி வரைக்கும் திரும்பாது, போடாதீங்கன்னான். உங்க மாமா கேக்கவே மாட்டேன்னாரு. 'என் மருமக பதினஞ்சாம் தேதிக்குள்ள போடச் சொல்லியிருக்கா'ன்னு இவனோட ஒரே சண்டை. அப்பறந்தான் பொறுங்க, பொறுங்கன்னு சொல்லி அமத்தினான்."

மாடு குடித்து முடித்து முகத்தை உதறியது. என் சேலையெல்லாம் தண்ணீர்.

"அக்கம்பக்கத்துல கேக்கலியா அத்தை, ஏன் போடலன்னு?"

"முழங்கால் வலின்னு சொல்லுங்கன்னான். யார்ட்டயும் சொல்ல வேண்டாம், வேலைக்கு ஆபத்துன்னான். இவரும் கட்டையை ஊனிக்கிட்டுல்ல அலைஞ்சாரு!" அத்தை சிரித்தாள்.

திரும்பி வரும்போது மாமா வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கட்டை இல்லை. என் முகத்தைப் பார்த்தவர் அத்தையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பரமசிவத்துக்கும் சொன்னான்ல தாயி?"

முற்றத்தில் ஜெயக்கண்ணன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்தாப்பு கொளுத்திக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"சொன்னாரு மாமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த மனிதர் ஒரு பெருமூச்சு விட்டு, "அதான பாத்தேன்" என்றார். நான் அடுப்படிக்குப் போய் எல்லாப் பாத்திரங்களையும் துலக்கினேன், ஏற்கெனவே துலக்கி வைத்திருந்ததையும் சேர்த்து.

சாயந்திரம் மழை பிடித்தது. இப்போதும் விடாமல் பெய்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

வீட்டுக்கு வந்து, ஈரக்குடையை விரித்து வைத்துவிட்டு, கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் மறுக்கவில்லை. பத்தாம் தேதி புதிய கணக்கு வந்ததாம். முதல் மழைக்கும் பருவமழைக்கும் நடுவே நீண்ட வறட்சி என்று தெளிவாகக் காட்டியதாம். உடனே சுதர்சன் சாரிடம் சொன்னாராம். சொன்னதை மாற்றிச் சொன்னால் பணம் போட வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள், மக்காச்சோள விதை விற்கிற கம்பெனியோடு வேறு ஒப்பந்தம் இருக்கிறது, ஒன்றும் ஆகாது, பேசாமல் இரு என்றாராம்.

"நீங்க பேசாம இருந்துட்டீங்க."

"வேலை போயிருக்கும் முனீஸ்."

"உங்க அப்பாட்ட மட்டும் பேசுனீங்க."

"அவர் என் அப்பா. விதை மூட்டையோட நிக்கிறார். என்ன செய்யச் சொல்ற?"

"மறுநாள் இதே எடத்துல உக்காந்துதான சொன்னேன், அண்ணன் நாளைக்கு வெதைக்கிறான்னு. உங்க கையில போன் இருந்துச்சு. அவன் உங்களை மாப்பிள்ள மாப்பிள்ளன்னு..."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க அண்ணனுக்குச் சொன்னா உனக்குத் தெரிஞ்சிரும். உனக்குத் தெரிஞ்சா நீ சும்மா இருக்க மாட்ட. ஊர் பூராவும் சொல்லிருவ."

அவர் என்னைப் புரிந்துவைத்திருந்தது சரிதான். சொல்லியிருப்பேன். ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருப்பேன். இந்த மனிதருக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததனால்தான் என்னை ஒளித்து வைத்துவிட்டு என் குரலை மட்டும் அனுப்பியிருக்கிறார்.

அக்டோபர் 24, வெள்ளி

ஆபீசில் புதுத் தகவல் எழுதிக் கொடுத்தார்கள். 'யாரும் எதிர்பாராத பருவநிலை மாற்றத்தால்' என்று தொடங்கியது. அடுத்து, மறுவிதைப்புக்குக் கம்பெனி விதையைத் தள்ளுபடியில் வாங்கலாம் என்று.

"எதிர்பார்த்தோமே சார்" என்றேன். போனில் சுதர்சன் சார் தன் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ஜெயக்கண்ணன் வீட்டுல ஆபீஸ் விசயம் பேசுவாரா?" என்று கேட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெயக்கண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கெஞ்சுகிற மாதிரி. பேசவில்லை சார், அவர் என்னிடம் எதையுமே பேசவில்லை, அதுதான் விசயம் என்று சொல்லிவிட்டு, பதிவு செய்யாமலே வெளியே வந்தேன்.

துணிகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு சிந்தலம்பட்டி பஸ் ஏறினேன்.

அக்டோபர் 25, சனி

அண்ணனிடம் சொல்லிவிட்டேன், மாமா காடு உட்பட. மதினி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அண்ணன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையில் சிதறிய உமியை விரலால் கூட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளய நான் நம்பல முனீசு" என்றான் கடைசியில். "மாப்பிள்ள எத்தனையோ படிச்சவரு, அவரு பேச்சு எனக்குப் புரியாது. நான் உன்னத்தான் நம்புனேன்."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாதுன்னு தெரியும். அதுக்காக வராமலா இருக்கும் கோபம்?"

எழுந்து போய்விட்டான். மதினிதான் சோறு போட்டாள்.

அக்டோபர் 29, புதன்

காடு கொஞ்சம் உலர்ந்திருந்தது. உளுந்து விதைக்கிறோம். விதைப்புப் பட்டம் பிந்திவிட்டதுதான். நானும் இறங்கினேன். அண்ணன் தேவைக்குப் பேசுகிறான். "தள்ளி நில்லு", "அந்த வெதப் பொட்டியை எடு".

ஜெயக்கண்ணன் மூன்று தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் அண்ணன் போன் அடித்தது. சார்ஜில் கிடந்தது, மதினி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம், பருவத்துணையில இருந்து முனீஸ்வரி பேசுறேன். யாரும் எதிர்பாராத பருவநிலை மாத்தத்தால..."

என் குரல். என் இழுவை. நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன்.

மதினி போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே இருந்து அண்ணன் உள்ளே வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இதுக்கும் போய்ப் பேசிட்டு வந்தியா?" என்று கேட்டான்.

பேசவில்லை என்று சத்தியம் செய்தேன். பிறகு ஜெயக்கண்ணனை நானே கூப்பிட்டேன்.

"மூணு வருசமா நீ பேசுனதெல்லாம் பதிவாகி இருக்குல்ல முனீஸ். அதை வச்சு மெஷினே பேசிரும். சார்தான் செய்யச் சொன்னாரு. குரல் கம்பெனிக்குச் சொந்தம்னு நீ சேரும்போது கையெழுத்துப் போட்டுருக்க."

"யாரு செஞ்சது?"

சார்தான் சொன்னார் என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

"நீங்களா?"

"நீ எடுக்கவேயில்லையே போனை" என்றார். "நான் உன்கிட்டக் கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன்."

வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை. வெங்காயத்தால் கண் எரிந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 5, புதன்

வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். போனில் வருவது நான் இல்லை, அதை நம்பி விதை வாங்காதீர்கள் என்று. அண்ணன் வரவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். சில வீடுகளில் வாசலிலேயே கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் நான் பேசி முடிக்கும்முன் கதவைச் சாத்திவிட்டார்.

கெங்கம்மாள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். மாமா காட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கையில் இருந்த கட்டையை அடுக்காமல் பிடித்துக்கொண்டாள். கடைசியில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நேத்துப் பேசுனது நீ இல்லங்கிற. மெஷினு. சரி."

"ஆமா பெரியம்மா."

"பொறட்டாசிக்கு முந்திப் பேசுனது?"

"அது... நான்தான்."

"அதக் கேட்டுத்தான தாயி வெதச்சேன்."

கீழே கிடந்த கட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவள் மிச்ச விறகையும் அடுக்கி முடித்து, மழை படாமல் மேலே சாக்கைப் போட்டு மூடினாள். பிறகு, "அந்தக் கடைசி வீட்டுக்காரன் இப்பத்தான் வெதைக்குப் பணத்தை எடுத்துக்கிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தான். ஓடுனா பிடிச்சிரலாம்" என்றாள்.

ஓடினேன்.